வானத்து மப்பும் மனிதர் மப்பும்



வீட்டிலும் வேலைக்காட்டிலும் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்றை எடுத்து, அதன் பொருளையும் பயனையும் இவ்வுரையில் காண்போம். இன்று எடுத்துக்கொண்டிருப்பது மூன்றே எழுத்துள்ள ஒரு சிறு சொல். 'மப்பு' என்பது அது.

இதைக் கேட்டதும் உங்களுள் சிலர் சிரித்திருப்பீர்கள். "வானொலியில் பேசுவதற்கு இவர்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லையா?" என்று தாய்மார் சிலர் முகம் சுளித்திருக்கவும் கூடும். சிரித்தவர்மீதும் குற்றமில்லை, சுளித்தவர்மீதும் குற்றமில்லை. இச்சொல்லை நாம் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில காலத்துக்கு முன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். நான்காம் ஆண்டு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. அதைக் கண்ட ஆசிரியை, கரும்பலகையில் மப்பு, மந்தாரம், மூட்டம், கருக்கல் என்று நான்கு சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னார். பிள்ளைகள் எழுதி முடித்ததும் ஏடுகளைத் திருத்த உட்கார்ந்தவர், சற்று நேரத்தில் அவற்றை அப்படியே நம்மிடம் தள்ளிவிட்டார்.

பத்துப் பிள்ளைகளுள் ஒருத்தி மட்டுமே, 'வானம் மப்பாக இருந்ததால் அம்மா துணிகளை எடுத்தார்' என்று எழுதியிருந்தாள். ஒரு பையன் ஒன்றும் எழுதவில்லை. மற்ற எட்டுப் பேரும் எழுதியவை வேறு. 'சம்பள நாளில் மாமா மப்பில் பாடுவார்' என்றது ஓர் ஏடு. 'மப்பில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது' என்றது இன்னோர் ஏடு. மூன்றாவது ஏட்டில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'அப்பா மப்பாக இருந்தால் நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வோம்.'

ஆசிரியை நம்மைப் பார்த்து, "ஐயா, இந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. இதற்கு நான் சரி போடுவதா, தப்பு போடுவதா?" என்று கேட்டார்.

அன்று நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

முதலில் சொல்லுக்கு வருவோம். மப்பு என்பதற்கு அகராதிகள் தரும் பொருள்களுள் மேகம் மூடி இருண்டிருத்தல், மயக்கம், செருக்கு ஆகியவை உண்டு. மேகம் கவிந்து வெளிச்சம் மங்கிய வானத்தை 'மப்புப் போட்டிருக்கிறது' என்று நம் பாட்டன்மார் சொன்னார்கள். 'மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் வழக்கம். காலையில் வாசலுக்கு வந்ததும் தலையை உயர்த்தி மேலே பார்த்து, "இன்னைக்கு மப்பா இருக்கே" என்று சொல்லாத பால்வெட்டுத் தொழிலாளி உண்டா?

இச்சொல்லுக்கு உடன்பிறப்புகள் பல. மந்தாரம் என்பது சூரியன் முகம் காட்டாத, மந்தமான வானம். மந்தாரை என்னும் பூமரம் வேறு. இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளலாகாது. மூட்டம் என்பது மூடுதல் என்பதிலிருந்து பிறந்தது. மேகம் மூடினால் மேகமூட்டம். பனி மூடினால் பனிமூட்டம். புகை மூடினால் புகைமூட்டம். 1997ஆம் ஆண்டில் காட்டுத்தீப் புகை நம் நாட்டைச் சூழ்ந்து, சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதே, அது புகைமூட்டம். அதை மப்பு என்று எவரும் சொல்லவில்லை. மழை தரக்கூடிய இருட்டுக்குத்தான் நம் மக்கள் மப்பு என்று பெயர் வைத்தார்கள்.

கருக்கல் என்பது இன்னோர் அழகிய சொல். விடிந்தும் விடியாத வைகறை இருட்டும் கருக்கல்தான். பொழுது சாய்ந்தபின் வரும் மங்கலும் கருக்கல்தான். மேகம் கறுத்திருப்பதையும் கருக்கல் என்பது உண்டு. தோட்டத்து மக்கள் இச்சொல்லோடு வாழ்ந்தவர்கள். கருக்கலில் எழுந்து, கருக்கலில் பிரட்டுக்கு நின்று, கருக்கலிலேயே நிரைக்குப் போனவர்கள். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதுமுதல் காலை ஆறு மணி என்றாலும் நமக்குக் கருக்கல்தான். ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் தலை காட்டுகிறது. கடிகாரம் மாறியதே அன்றி, கருக்கல் மாறவில்லை.

வானத்தில் மப்பு எப்படி உண்டாகிறது? மேகம் என்பது மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம். அது மெல்லியதாக இருக்கும்போது வெயில் ஊடுருவி வருவதால் வெண்மையாகத் தெரிகிறது. துளிகள் பெருகி, மேகம் மேல்நோக்கித் தடித்துவிட்டால், வெயிலின் பெரும்பகுதி மேலேயே சிதறிப் போய்விடுகிறது. கீழே நின்று பார்க்கும் நமக்கு அதன் அடிப்புறம் கறுப்பாகத் தோன்றுகிறது. மேகத்தில் கறுப்புச் சாயம் ஏதும் இல்லை. நமக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் அது நிற்கிறது, அவ்வளவே. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நமக்கு உதவும்.

வானத்து மப்பு பால்மரக்காரனுக்கு நண்பனா, பகைவனா? இரண்டும்தான்.

இரவில் மரம் வேரால் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. இலை வழியே நீர் வெளியேறுவது இரவில் குறைவு. ஆகவே பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விடியற்காலையில் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கின்றன. அந்த நேரத்தில் உளி பட்டால் பால் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏற ஏற, இலைகள் நீரை வெளிவிடுகின்றன, அழுத்தம் தளர்கிறது, பால் ஓட்டம் குறைகிறது. கருக்கலிலேயே வேலைக்குப் போகச் சொன்னதன் காரணம் இதுதான். அது வெறும் கங்காணி சட்டமன்று, மரத்தின் சட்டம்.

அப்படியானால் காலை முழுதும் வானம் மப்பாக இருந்து, மழை மட்டும் பெய்யாதிருந்தால் என்ன ஆகும்? வெயில் தாமதிக்கிறது, மரம் நீரை விரைவில் இழப்பதில்லை, பால் நெடுநேரம் ஓடுகிறது. மப்பு நாளில் மங்கு நிறைவது இதனால்தான்.

ஆனால் அதே மப்பு மழையாக இறங்கிவிட்டால் கதை வேறு. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவி வீணாகிறது. மங்கில் விழுந்த பாலையும் மழைநீர் கலந்து கெடுத்துவிடுகிறது. ஈரப் பட்டையில் வெட்டினால் பூஞ்சண நோய் தொற்றவும் வழியுண்டு. அன்றைக்கு வெட்டு இல்லை, பால் இல்லை, பால் கணக்கில் வரும் காசும் இல்லை.

நம் நாட்டின் மேற்குக் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மலாக்கா நீரிணை மீது இரவில் திரளும் இடிமேகங்கள் விடியற்காலையில் கரையை அடைகின்றன. சுமத்திராப் பக்கமிருந்து வருவதால் அதைச் சுமத்திராக் காற்று என்பார்கள். சரியாக வேலைக்குப் புறப்படும் நேரத்துக்கு அது வந்து நிற்கும். அன்று எத்தனை வீடுகளில் மேலே பார்த்த கண்கள் கீழே இறங்கி, அரிசி டின்னைப் பார்த்தன என்பது நம் தாய்மாருக்குத் தெரியாததன்று.

இன்று பால்மரக் காடுகள் பல செம்பனையாக மாறிவிட்டன. தோட்டங்கள் பல கூறுபோடப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. இப்படி வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் குறையக் குறைய, மப்பு என்னும் சொல்லின் முதற்பொருளும் வீடுகளில் மங்கிப்போயிற்று. இரண்டாவது பொருள் மட்டும் குடியிருந்துவிட்டது. அந்த வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் அப்படி எழுதியதற்கு இதுவே காரணம்.

இனி அந்த இரண்டாவது பொருளைப் பார்ப்போம். வானம் இருண்டதைச் சொல்லும் சொல்லால் மனிதன் மயங்கியதையும் சொல்வது தமிழில் புதிதன்று. 'மால்' என்றால் கருமை என்றும் பொருள், மேகம் என்றும் பொருள், மயக்கம் என்றும் பொருள். பொழுதும் மயங்குகிறது, மனமும் மயங்குகிறது. அறியாமையை இருள் என்றே சொல்கிறோம். மலாய் மொழியில் வானம் கறுத்தால் 'மெண்டோங்'. குடித்து மயங்கினால் 'மாபோக்'. அங்கே சொற்கள் இரண்டு. நம் பேச்சு வழக்கிலோ இரண்டுக்கும் மப்பு ஒன்றே போதுமானதாயிற்று. மேகத்தில் கறுப்பு இல்லை, அது வெளிச்சத்தை மறைத்து நிற்கிறது என்று சற்று முன்பு சொன்னோம் அல்லவா? குடிமப்பும் அப்படித்தான். உள்ளே இருக்கும் நல்ல மனிதன் எங்கும் போய்விடுவதில்லை. அவன் முகம் வீட்டாருக்குத் தெரியாதபடி ஒன்று குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

மூன்றாவது பொருள் செருக்கு. 'பண மப்பு', 'அதிகார மப்பு' என்று சொல்கிறோம். காசு சேர்ந்தவுடன் பழைய உறவை அடையாளம் தெரியாதவனைப் பார்த்து, "அவனுக்கு மப்பு ஏறிப்போச்சு" என்கிறோம். அவன் ஒரு சொட்டும் குடித்திருக்க மாட்டான். ஆயினும் அவன் கண்ணையும் ஒரு மேகம் மறைத்திருக்கிறது.

இவ்விரு மப்புகளையும் எதிர்த்து நம் முன்னோர் ஒரே நேரத்தில் நின்ற வரலாறு ஒன்று உண்டு. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளையர் ஆண்ட காலத்தில் பல தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கையில் வாங்கிய கூலி, வீடு சேரும் முன்னரே கடையைச் சேர்வதற்கு அது வசதியாக இருந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றோடு வேறு இரண்டு கோரிக்கைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. மற்றொன்று, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது.

சற்றே எண்ணிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கருதப்பட்ட அந்த மக்கள், ஒரே தாளில் குடிமப்பையும் அதிகார மப்பையும் சேர்த்து வைத்துக் கேட்டார்கள். ஒன்று தங்களுக்குள்ளே இருந்தது. மற்றது தங்களுக்கு மேலே இருந்தது. இரண்டும் நீங்கினால்தான் வெளிச்சம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நாதன் கைது செய்யப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர்.

போர் முடிந்தபின் 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை என்ற அமைப்பு எழுந்தது. ஏ. எம். சாமி என்பவர் அதன் தலைவர். பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக அவர்கள் மறியல் செய்தார்கள். அவர்களையும் போலீஸ் அடக்கியது. ஆனாலும் 'எங்கள் வீட்டு இருட்டை நாங்களே விரட்டுவோம்' என்று எழுந்து நின்றவர்கள் நம் பாட்டன்மார் என்பது பதிவாகிவிட்டது. கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதைப் படிக்க வாய்ப்பில்லாதவர்களும் அதன் வழி நடக்க முயன்றார்கள்.

குடிப்பவர் எல்லாரும் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. எட்டு மணி நேரம் செம்பனைக் குலை சுமந்த தோள் நோகும். கடன் நெருக்கும். துணைக்கு ஆள் இல்லாத துயரமும் இருக்கும். அந்த நோவை மறக்கத்தான் பலர் தொடங்குகிறார்கள். ஆயினும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

மதுசாரம் வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையைச் சேருகிறது. மூளையின் வேலையை மந்தப்படுத்துகிறது. கண் அளவு தவறுகிறது, கை தாமதிக்கிறது, நாக்கு முந்துகிறது. இதை உடலிலிருந்து நீக்கும் வேலையைப் பெரும்பாலும் ஈரலே செய்கிறது. ஈரல் அவசரப்படாது. ஒரு சிறிய புட்டி பியரில் உள்ள மதுசாரத்தைக் கரைக்கவே அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோர் குடித்தாலும், கட்டைக் கோப்பி குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அது விரைவதில்லை. தூக்கம் தெளியலாம், மப்பு தெளியாது.

ஆகவே இரவு பதினொரு மணி வரை அளவின்றிக் குடித்தவர், விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்போது தெளிந்துவிட்டதாக எண்ணினாலும், இரத்தத்தில் அது இன்னும் இருக்கக்கூடும். அவர் கையில் பால் உளி இருக்கிறது. அல்லது செம்பனை அறுக்கும் நீண்ட அரிவாள் இருக்கிறது. அல்லது மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வெளியிலோ கருக்கல். உள்ளே ஒரு மப்பு, வெளியே ஓர் இருட்டு, கையில் கூரிய இரும்பு. இந்த மூன்றும் ஒன்றுசேரும் காலை எவ்வளவு அபாயமானது என்று நாம் விளக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்றை மிகவும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சுக் கலந்த மலிவுச் சாராயத்தைக் குடித்துப் பலர் மாண்டனர். அதில் இருந்த நஞ்சுக்கு மெத்தனால் என்று பெயர். பார்வையிலும் மணத்திலும் அதைச் சாதாரணச் சாராயத்திலிருந்து பிரித்தறிய இயலாது. உடலுக்குள் போனபின் அது மெல்ல மெல்ல ஒரு கொடிய அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்த அன்று ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் கழித்துத் தலைவலி, வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவை வரும். பார்வை, பனிமூட்டத்தின் ஊடே பார்ப்பதுபோல் மங்கும். "கண்ணு மப்பா தெரியுது" என்று அவர் சொல்வார். "நேத்து குடிச்ச மப்பு" என்று எண்ணி அவரைப் படுக்க வைத்துவிடாதீர்கள். அது நேற்றைய மப்பு அன்று. உயிரைக் கேட்கும் இருள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. காலம் தாழ்ந்தால் கண்ணும் போகலாம், உயிரும் போகலாம்.

இத்துடன் வேறு ஒரு கண் மங்கலையும் குறிப்பிட்டுவிடுகிறோம். வயதான பாட்டிமார் பலர், "எனக்கு எல்லாம் மந்தாரமா தெரியுது" என்று சொல்லிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கண்புரையாக இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதே கண்புரை. சிறு அறுவை சிகிச்சையால் அதை நீக்கலாம். அது விதியால் வருவதன்று. பாட்டியை இருட்டில் உட்கார விடாதீர்கள். அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குடியை விட விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கமும் சில வேளை வலிப்பும் வரக்கூடும். அதைக் கண்டு பயந்து மறுபடியும் குடிக்கத் தொடங்குபவர்கள் உண்டு. எனவே முதலில் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நெஞ்சு வலிக்கு மருந்து கேட்பவர் வெட்கப்படுகிறாரா?

தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். மப்பில் இருப்பவரோடு அந்த நேரத்தில் வாதாடுவதில் பயன் இல்லை. மேகத்தோடு யார் வாதாடுவார்? பேச வேண்டியதை மறுநாள் வெளிச்சத்தில், அவர் தெளிந்திருக்கும்போது பேசுங்கள். ஆனால் அவர் கை ஓங்கினால் அது மப்பின் குற்றம் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்டை வீட்டுக்குப் போங்கள். உறவினரிடமும், தேவையானால் போலீசிடமும் சொல்லுங்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் நம் நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. அது உங்களுக்கும் உரியது.

நேயர்களே, வானத்து மப்புக்கும் மனிதர் மப்புக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பேசினோம். ஒரு வேற்றுமையைச் சொல்லி முடிப்போம். வானத்து மப்பு நம்மைக் கேட்டு வருவதில்லை. நாம் சொன்னாலும் போவதில்லை. அது மண்ணுக்கு நீர் தருகிறது. பொழிந்து முடிந்ததும் தானே கலைகிறது. மனிதர் மப்பு அப்படியன்று. அதை நாம் காசு கொடுத்து வரவழைக்கிறோம். அது ஒன்றையும் விளைவிப்பதில்லை. அதைக் கலைக்கும் காற்றும் வெளியிலிருந்து வருவதில்லை. அதற்கு நாமும், நம் வீட்டாரும், அண்டை அயலாரும்தான் முயல வேண்டும்.

இப்போது அந்த ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். 'அப்பா மப்பாக இருந்தால் நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வோம்' என்ற வாக்கியத்துக்குச் சரி போடுவதா, தப்பு போடுவதா?

அம்மா, சரி என்றே போடுங்கள். அந்தப் பிள்ளை சொல்லைப் பிழையின்றி அறிந்திருக்கிறது. தான் கண்டதைப் பிழையின்றி எழுதியிருக்கிறது. தப்பு இருக்கும் இடம் அந்த ஏடன்று. அதைத் திருத்தும் பொறுப்பும் சிவப்பு மையுடையதன்று, நம்முடையது.

நம்மால் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. இன்று மாலையோ நாளைக் காலையோ வானம் கறுத்துவரும்போது, உங்கள் பிள்ளையை வாசலுக்கு அழையுங்கள். மேலே காட்டுங்கள். "பார் அய்யா, மப்புப் போட்டிருக்கு. காற்று எந்தப் பக்கமிருந்து வருது, சொல்லு? மழை வருமா, கலைஞ்சிடுமா?" என்று கேளுங்கள். தாத்தா காலத்தில் இப்படி மப்புப் போட்ட நாளில் பால் எப்படி ஓடியது என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் அதைச் சொல்ல அப்பாவுக்குக் கண் தெளிந்திருக்க வேண்டும். கால் நிலையாக நிற்க வேண்டும்.

அடுத்த முறை அந்தப் பிள்ளைக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தால், 'மப்புப் போட்டிருந்தது. அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார்' என்று எழுதட்டும். விளக்கு அணையாத வீட்டிலிருந்து வரும் வாக்கியமாக அது இருக்கட்டும்.